சேசானின் மருமகன்

தாராவி,
21 ஜனவரி 2024

மகள் எப்சிபாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கு சுகம். உன் சுகத்தை ரூபாவிடம் அவ்வப்போது கேட்டுக்கொள்கிறேன். அவளும் "நல்லாத்தான் இருக்காப்பா" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை.

கடிதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நம் பட்டறையில் பை தைத்துக்கொண்டிருந்தவனைக் கட்டிக்கொண்டு நீ கல்யாணுக்குப் போய் ஐந்து வருடம் முடிந்துவிட்டது. அந்தப் பேச்சை எடுக்க நான் எழுதவில்லை. ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால், நாற்பது வருட மிஷின் சத்தத்தில் என் காது போய்விட்டது. யார் பேசினாலும் போனில் எனக்கு வெறும் இரைச்சல்.

ஆகஸ்டில் நம் சபைக்கு எழுபத்தைந்து வயது ஆகிறது. வேதம் முழுவதையும் சபைக் குடும்பங்களே கையால் எழுதி, ஒன்றாகத் தைத்து, பீடத்தில் வைப்பது என்று முடிவு. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சீட்டுப் போட்டார்கள். செயலாளர் பாக்கியநாதனுக்கு மலைப்பிரசங்கம் விழுந்தது. எனக்கு விழுந்தது வம்ச அட்டவணை. அவன் இவனைப் பெற்றான், இவன் இன்னொருவனைப் பெற்றான் என்று நாலு அதிகாரமும் பேர்தான். மாற்றித் தரச் சொன்னேன். "அண்ணாச்சி, சீட்டு கர்த்தர் போட்டதுல்லா" என்றார். தனக்கு மலைப்பிரசங்கம் வந்தால் அவருக்கு அப்படித்தான் தோன்றும்.

என் வலது கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். கையும் நடுங்குகிறது. செம்பூரில் ரூபாவைக் கேட்டால் "டைப் பண்ணித் தாரேன்" என்கிறாள். தாணேயில் சாலோமிக்குத் தமிழ் எழுத்தே மறந்துவிட்டது. கையெழுத்து என்றால் அது உனக்குத்தான். மூன்று பிள்ளைகளில் நீ ஒருத்திதான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஒழுங்காகப் படித்தாய்.

தாள்கள் இத்துடன் இருக்கின்றன. அடித்தல் திருத்தல் கூடாது. ஒரு சொல்லும் விடக் கூடாது. கடைசித் தாளின் தலைப்பில் ‘இப்பகுதியை எழுதிய குடும்பம்’ என்று அச்சிட்டிருக்கும். குடும்பத்தார் பேரெல்லாம் அதில் வர வேண்டும். அதை நீ எழுத வேண்டாம், வெறுமையாகத் திருப்பி அனுப்பு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா,
தவசிமணி


கல்யாண்,
4 பிப்ரவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு எப்சிபா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உங்கள் கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை நேரத்துக்கு யார் போட்டுவிடுகிறார்கள்?

தபால்காரர் கையெழுத்துக் கேட்டபோது ஏதோ பேங்க் காகிதம் என்றுதான் நினைத்தேன். உறையில் உங்கள் எழுத்தைப் பார்த்ததும் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று தடவை வாசித்தேன். அந்தப் பேச்சை எடுக்கவில்லை என்று எழுதியிருந்த இடத்தையும் சேர்த்துத்தான் மூன்று தடவை. பரவாயில்லை அப்பா. வேலையைக் கொடுக்கவாவது என்னை நினைத்தீர்களே, எனக்கு அது சந்தோஷம்தான்.

காலையில் குழாயில் தண்ணீர் வரும். பிடித்து முடித்தால் பள்ளிக்கூட ஆபீசுக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும். அந்த நேரத்தில் எழுதுகிறேன். தாளில் கோடு போட்டது யார் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், ஆகையால் நானே சொல்கிறேன். சுரேந்தர்தான். தோல் வெட்டும் இரும்பு ஸ்கேலைக் கழுவித் துடைத்து, ஒவ்வொரு தாளையும் தரையில் விரித்துப் போட்டுக் கொடுத்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கோட்டுக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை என்கிறார்.

முதல் அதிகாரமும் இரண்டாவதில் பாதியும் அனுப்பியிருக்கிறேன். ஊரிலிருந்து வந்து குவிகிற கல்யாணப் பத்திரிகைகளில் கூட இவ்வளவு பேர்களை நான் பார்த்ததில்லை. பேரைத் தவிர அநேகம் பேருக்கு ஒன்றுமே இல்லை. சேலேத் என்று ஒருவர். பிள்ளையில்லாமல் இறந்துபோனார், அவரைப் பற்றி அவ்வளவுதான். அந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
எப்சிபா


தாராவி,
18 பிப்ரவரி 2024

மகள் எப்சிபாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். கண் தேவலை. சொட்டு மருந்து நானே போட்டுக்கொள்கிறேன். பாதி கண்ணுக்குள் போகிறது, பாதி மீசைக்குப் போகிறது.

கட்டு வந்து சேர்ந்தது. ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கமிட்டியில் கொடுக்க வேண்டும். ஒருவர் அச்சுப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் எழுதிய தாளில் விரல் வைத்துக்கொண்டே வர வேண்டும். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் வெயிலுமுத்துவை உட்கார வைத்தேன். உனக்குத் தெரியுமே, கட்டிங் மாஸ்டர் வெயிலுமுத்து. சுடலைமாடனுக்குக் கொடை நடத்துகிறவன்தான், ஆனால் தமிழை எழுத்துக் கூட்டாமல் வாசிக்க அங்கே அவன் ஒருவன்தான் இருக்கிறான். என் காதுக்கு எட்டுகிற மாதிரி நான் வாசித்தால் அது அடுத்த சந்துக்கும் கேட்கும். பிகார்ப் பையன்களெல்லாம் டிபன் டப்பாவோடு சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். என்ன புரிந்ததோ, பேர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்கள். இப்போது தினமும் கேட்கிறார்கள்.

பிழை ஒன்றும் இல்லை. கோடு நேராக இருக்கிறது.

மீதியையும் சீக்கிரம் அனுப்பு. தண்ணீர்க் குடங்களை நீயே தூக்காதே.

அப்பா


கல்யாண்,
10 மார்ச் 2024

அன்புள்ள அப்பாவுக்கு எப்சிபா எழுதுவது. இருவரும் சுகம். வெயில் ஆரம்பித்துவிட்டது. பட்டறையில் மோர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் அதிகாரத்தின் மீதியும் மூன்றாம் அதிகாரமும் இத்துடன் இருக்கின்றன. நாலாவது மட்டும் பாக்கி. பள்ளியில் ஆண்டு முடிவு வேலை இருப்பதால் அதற்குக் கொஞ்சம் நாளாகும்.

ஒன்று கேட்கட்டுமா அப்பா? அத்தனை பேர் முன்னால் சத்தமாக வாசித்துத்தான் ஆக வேண்டுமா? வீட்டில் உட்கார்ந்து நீங்களே மெதுவாக ஒப்பிட்டுக்கொள்ளலாமே. தொண்டை வலிக்கப் போகிறது.

அன்புடன்,
எப்சிபா


தாராவி,
24 மார்ச் 2024, குருத்தோலை ஞாயிறு

மகள் எப்சிபாவுக்கு அப்பா எழுதுவது. சுகமாக இருக்கிறேன். உன் சுகத்துக்காக ஜெபிக்கிறேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வியாழக்கிழமை மதியம் வழக்கம்போல நான் வாசிக்க, வெயிலுமுத்து விரல் வைத்துக்கொண்டு வந்தான். சேசான் என்பவனுக்கு மகள்கள்தான், மகன் இல்லை என்கிற இடம் வந்தது. அவனுக்கு எகிப்து தேசத்து வேலைக்காரன் ஒருவன் இருந்தான், பேர் யர்கா. சேசான் தன் மகளை அந்த வேலைக்காரனுக்கே கட்டிக் கொடுத்தான், அவளுக்கு ஒரு மகன் பிறந்தான் என்று வாசித்துக்கொண்டே போகிறேன். வெயிலுமுத்து கையைத் தூக்கினான்.

"அண்ணாச்சி, நில்லும். நீரு வாசிக்கது இதுல இல்ல."

"எதுவே இல்ல?"

"அந்த வேலைக்காரன் கத. திருப்பி வாசியும்."

திருப்பி வாசித்தேன். இல்லை. அவன் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னொருக்க வாசியும்" என்றான். மூன்றாம் தடவையும் வாசித்தேன். இதற்குள் பையன்களில் ஒருவன் கதையை இந்தியில் கேட்க, வெயிலுமுத்து சொல்லித் தொலைத்தான். அந்த மூலை மிஷினில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தது யார் என்று அங்கே தெரியாதவன் கிடையாது. எல்லோரும் டப்பாவையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

நாலு வயதில் நீ எழுதப் பழகியதிலிருந்து பார்க்கிறேன். உன் கண் தவறாது. எந்த இரண்டு வசனத்தை விட வேண்டும் என்று பார்த்துத்தான் விட்டிருக்கிறாய். வேதத்தில் இருப்பதை மறைக்க நீ யார்? வேதத்தைக் கேட்டு நான் வெட்கப்படுவேன் என்று நினைத்தாயா? அப்படியே வெட்கப்பட்டாலும் அது என் பாடு. அந்தத் தாளை மறுபடி எழுதி அனுப்பு.

அப்பா,
தவசிமணி


கல்யாண்,
1 ஏப்ரல் 2024

அப்பாவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். நாங்கள் நலம்.

ஆமாம், பார்த்துத்தான் விட்டேன். பட்டறையில் எல்லோர் முன்னாலும் நீங்கள் அதை வாசிக்க வேண்டாம் என்று விட்டேன். அதனாலேயே நீங்கள் அதை மூன்று தடவை வாசிக்க வேண்டியதாகிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மறைக்க நீ யார் என்று கேட்டீர்களே, அதற்கு ஒரு பதில் உண்டு. "எனக்கு ரெண்டு மக்கதான்" என்று சபையில் நீங்கள் சொன்னது என் காதுக்கும் வந்தது. ஒரு தாளில் இரண்டு வசனத்தை விட்டதற்கு உங்களுக்கு இவ்வளவு கோபம் வருகிறது. ஐந்து வருடமாக நீங்கள் விட்டுவிட்டு வாசிக்கிற பேர்களை யாரிடம் கொண்டுபோய் ஒப்பிடுவது?

தாள் என்னிடம் இல்லை. திருப்பி அனுப்பினால் எழுதித் தருகிறேன்.

எப்சிபா


தாராவி,
28 ஏப்ரல் 2024

மகள் எப்சிபாவுக்கு அப்பா எழுதுவது. சுகம். நீ சுகம்தானே?

தாளையும் புதுத் தாள் ஒன்றையும் ஏப்ரல் எட்டாம் தேதியே அனுப்பினேன். பதில் இல்லை. ரெஜிஸ்டர் தபால், சேர்ந்துவிட்டதாகத்தான் தபாலாபீசில் சொல்கிறார்கள்.

நாலாம் அதிகாரத்துக்கு அவசரமில்லை. ஜூலைக்குள் கொடுத்தால் போதும். நீ கேட்டதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன், அதனால்தான் தாளோடு ஒன்றும் எழுதி வைக்கவில்லை. கோபம் என்று நினைத்துவிடாதே. இரண்டு வரி எழுதிப் போடு.

அப்பா


தாராவி,
26 மே 2024

என் மகளே எப்சிபா,

அப்பா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

உன்னிடமிருந்து எழுத்து வராததால் நேற்று செம்பூருக்குப் போனேன். ரூபா முதலில் மழுப்பினாள். நான் விடவில்லை. பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வெளியே வந்து என் காதுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள். அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்ததே என்பதுதான் எனக்கு இன்னும் வேதனை.

"அவளுக்கு ரெண்டு தடவ பிள்ள தங்காமப் போச்சுப்பா. போன வருசம் மார்ச்சுல கர்ப்பப்பையையே எடுத்துட்டாவ. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

போன வருடம் மார்ச்சில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று ரயிலில் வரும்போது யோசித்தேன். பள்ளிப் பை ஆர்டர். ஆயிரம் பை. ஜிப் சரியில்லை என்று பையன்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதே நாளில் நீ கல்யாணில் எந்த ஆஸ்பத்திரியில், எந்தக் கட்டிலில் கிடந்தாயோ எனக்குத் தெரியாது. உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் என்னிடம் கேட்காமலே வந்திருப்பாள். நான் உயிரோடு இருந்தும் வரவில்லை.

நீ பதில் எழுத வேண்டாம். அந்தத் தாளையும் எழுத வேண்டாம். இதை நீ வாசித்தால் எனக்குப் போதும்.

அப்பா


கல்யாண்,
9 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கு எப்சிபா எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறேன், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முதல் மழை வந்துவிட்டது. உங்கள் மாடித் தகரம் ஒழுகுகிறதா?

ரூபா அக்காவைத் திட்டாதீர்கள். நானும் திட்டவில்லை. ஒருவிதத்தில் நிம்மதிதான்.

உங்களிடம் பாதி உண்மைதான் சொன்னேன். நீங்கள் வெட்கப்படக் கூடாது என்று விட்டது உண்மை. மீதிப் பாதி இது. சேசான் தன் மகளை வேலைக்காரனுக்குக் கொடுத்தான் என்பது வரைக்கும் எழுதிவிடலாம். சிரித்துக்கொண்டேகூட எழுதியிருப்பேன். அதற்கு அடுத்ததுதான் என்னால் முடியவில்லை. அவள் ஒரு மகனைப் பெறுகிறாள். அந்த மகனோடு சேர்த்துப் பதின்மூன்று தலைமுறை வரிசையாக வருகிறது. எண்ணிப் பார்த்தேன். அந்தப் பிள்ளையால்தானே அப்பா, எங்கிருந்தோ வந்த ஒரு வேலைக்காரன் பேர் வேதத்தில் நின்றது?

முதல் தடவை உண்டானபோது, குழந்தை முகத்தைப் பார்த்தால் அப்பா வந்துவிடுவார் என்று சுரேந்தரிடம் சொன்னேன். இரண்டாவது தடவையும் அதையேதான் சொன்னேன். இனிமேல் அப்படிச் சொல்ல வழியில்லை. எங்கள் வீட்டிலிருந்து யாரும் வரிசையில் வரப்போவதில்லை. பேரக் குழந்தையைக் காட்டி உங்களைக் கூப்பிட முடியாது. நானும் சுரேந்தரும்தான் இருக்கிறோம். இந்த இரண்டு பேருக்காக மட்டும் நீங்கள் வருவீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் நீங்கள் அனுப்பிய தாளை இரண்டு மாதமாக எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் அதிகாரம் முடித்துவிட்டேன். அந்தத் தாளையும் புதுத் தாளையும் அப்படியே திருப்பி அனுப்புகிறேன். கடைசித் தாள் நீங்கள் சொன்னபடி வெறுமையாகவே இருக்கிறது.

உங்கள் மகள்,
எப்சிபா


தாராவி,
30 ஜூன் 2024

என் பிரியமான மகள் எப்சிபாவுக்கு அப்பாவின் முத்தங்கள். மாடித் தகரம் ஒழுகுகிறது. தார்ப்பாய் போட்டாயிற்று.

அந்தத் தாளை முழுக்க நானே மறுபடி எழுதினேன். பூதக்கண்ணாடியும் ஒரு கண்ணும் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் ஆயிற்று. எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது. யர்கா என்கிற பேர் மட்டும் எப்படியோ அழகாக வந்துவிட்டது.

ஒன்பது நாளும் உன் கேள்விதான் மனதில். பிள்ளையால்தானே அவன் பேர் நின்றது என்கிறாய். சேலேத் பேர் எதனால் நின்றது? நீதான் எனக்கு அவரைக் காட்டிக் கொடுத்தாய். அவருக்கு அடுத்தாற்போல் யாரும் இல்லை, ஆனாலும் அந்த வீட்டில் பிறந்தவர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் யார் யார் என்றால் இருக்கிறவர்கள்தான். பிள்ளை பெற்றவர்கள் என்று எங்கும் நிபந்தனை போடவில்லை. இந்த அறுபத்தெட்டு வயதில் நான் வேதத்தை வாசித்த லட்சணம் இவ்வளவுதான்.

கடைசித் தாளில் எழுதினேன். தவசிமணி, மறைந்த மனைவி பொன்னம்மாள். மூத்த மகள் ரூபாவதி குடும்பம், அடுத்த மகள் சாலோமி குடும்பம். இளைய மகள் எப்சிபா, மருமகன் சுரேந்தர்.

இன்று காலை கமிட்டியில் கொடுத்தேன். பாக்கியநாதன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசித் தாளிலேயே நின்றுவிட்டார். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணாச்சி, இந்தப் பேரு நம்ம ரிஜிஸ்டர்ல இல்லயே. ஞானஸ்நானம் எடுத்தவுக பேரத்தான் போடணும்."

"யர்கா பேரு போட்டிருக்கு, பாத்தீரா?"

"அது வேதத்துல உள்ளதுல்லா."

"அந்த எகிப்துக்காரனுக்கு எந்தச் சபையிலவே ஞானஸ்நானம் குடுத்தாவ?"

"அது பழைய ஏற்பாட்டுக் காலம் அண்ணாச்சி."

"அப்ப பழைய ஏற்பாட்ட ஏம்வே எங்கிட்ட எழுதத் தந்தீரு? சீட்டு கர்த்தர் போட்டதுன்னு நீருதான சொன்னீரு?"

கோவில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. எனக்குக் காது கேட்காததால் நான் எவ்வளவு சத்தம் போட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. போதகர் ஐயர் அங்கி மாற்றப் போனவர் பாதி அங்கியோடு ஓடிவந்தார். இரண்டு தாளையும் வாங்கி வாசித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தலைப்புல சபைன்னு இல்ல, குடும்பம்னுதான் போட்டிருக்கு. குடும்பம் யாருன்னு அண்ணாச்சிதான் சொல்லணும்" என்று சொல்லி, தாள்களைக் கட்டோடு சேர்த்துவிட்டார்.

எனக்கு மூன்று மகள்கள் என்று அங்கேயே எல்லோரிடமும் சொன்னேன். அதையும் சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன்.

அப்பா


கல்யாண்,
7 ஜூலை 2024

அன்புள்ள அப்பாவுக்கு எப்சிபா எழுதுவது. சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். மழையில் சந்துத் தண்ணீருக்குள் இறங்காதீர்கள்.

உங்கள் கடிதத்தைச் சுரேந்தருக்கு இந்தியில் வாசித்துக் காட்டினேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. பாக்கியநாதன் மாமா வந்த இடத்தில் இருவரும் சிரித்துவிட்டோம். அந்தத் தாளில் என் பேருக்குப் பக்கத்தில் அவர் பேர் இருக்கிறது என்பதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு இது போதும் அப்பா. நான் கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டீர்கள்.

அவருக்குப் போதுமா என்பதை நான் சொல்ல முடியாது. கடிதத்தை வாங்கி மடித்து வைத்தார். அப்புறம் கேட்டார்: "சேட் நே காகஸ் பே லிக்கா, அச்சா ஹை. முஜ்ஸே கப் போலேங்கே?" முதலாளி காகிதத்தில் எழுதியது நல்லதுதான், என்னிடம் எப்போது பேசுவார் என்கிறார். கோபமாகக் கேட்கவில்லை. பதினேழு வயதில் உங்களிடம் வந்தவர் அவர். அந்தப் பதினோரு வருடத்தில் நீங்கள் திட்டியதைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. பேசாமல் விட்ட இந்த ஐந்து வருடத்தைப் பற்றித்தான் அவருக்குக் குறை.

இதில் நான் நடுவில் நின்று ஒன்றும் செய்ய முடியாது. நீங்களே அவருக்கு எழுதுங்கள்.

உங்கள்,
எப்சிபா


தாராவி,
14 ஜூலை 2024

மருமகன் சுரேந்தருக்கு மாமன் தவசிமணி எழுதுவது. நான் சுகம். நீயும் என் மகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று கர்த்தரைக் கேட்கிறேன்.

எனக்கு இந்தி பேசத்தான் வரும், எழுத வராது. இதை எப்சிபா உனக்குச் சொல்லுவாள்.

பொன்னம்மாளை அடக்கம் செய்த நாளில் நீ கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே நின்றாய். உள்ளே விடக் கூடாது என்று சொன்னது நான்தான். அன்றைக்கு நல்ல மழை. நீ குடை விரிக்கவில்லை. கையில் குடை இருந்தது. உள்ளே நாங்கள் நனைந்துகொண்டிருக்கும்போது வெளியே தான் மட்டும் குடை பிடிப்பதா என்று நீ நினைத்திருப்பாய். பெட்டியை இறக்குகிற வரைக்கும் நான் குழியைப் பார்க்கவில்லை, வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைப் பார்த்ததை இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. அவள் உனக்குச் சோறு போட்டவள். நீ ஒரு பிடி மண் போட்டிருக்க வேண்டும். அதை நான் தடுத்தேன். இதற்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது.

உன் மேல் எனக்கு என்ன குறை என்று யோசித்துப் பார்த்தேன். நீ குடித்ததில்லை, பொய் சொன்னதில்லை. உன்னைப் போல் மடிப்புத் தையல் போட இன்று வரை ஆள் கிடைக்கவில்லை. நீ என்னிடம் சம்பளம் வாங்கினாய் என்பதைத் தவிர வேறு குறை இல்லை. சம்பளம் கொடுத்தவன் நான். அதை உன் குறையாக எழுதிவிட்டேன்.

என் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று தடவையும் நீ வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே இருந்தாய் என்று ரூபா சொன்னாள். நான் செய்திருக்க வேண்டியதையும் சேர்த்து நீ செய்திருக்கிறாய். என்னை மன்னித்துவிடு.

வரும் 21ஆம் தேதி ஞாயிறு. ஆராதனை முடிந்து சயான் ஸ்டேஷனில் ஸ்லோ வண்டி ஏறினால் ஒன்றரை மணிக்குள் கல்யாண் வந்துவிடலாம். உங்கள் வீட்டுக்கு வர எனக்கு ஆசையாக இருக்கிறது. வரலாமா என்று என் மகளிடம் கேட்டால் வா என்றுதான் சொல்வாள். அதனால் அவளிடம் கேட்கவில்லை. வீட்டுக்காரன் நீ. உன்னிடம் கேட்கிறேன். நீ வா என்றால் வருகிறேன். வேண்டாம் என்றால் அதுவும் நியாயம்தான். அதற்கு அடுத்த ஞாயிறுக்கு மறுபடி கேட்டு எழுதுவேன்.

உன் மாமன்,
தவசிமணி